ஒரே ஆவிக்கு நாலு வேலை

கரும்பு தன்னைக் காய்ச்சத் தேவையான விறகைத் தானே சுமந்துகொண்டு ஆலைக்கு வருகிறது. 100 டன் கரும்பில் ஏறத்தாழ 70 டன் தண்ணீர். பிழிந்து முடித்தால் 30 டன் சக்கை. சாற்றில் இருக்கும் தண்ணீரை இந்தச் சக்கையை எரித்துத்தான் துரத்தியாக வேண்டும். நிலக்கரி வாங்கிக் காய்ச்சினால் சர்க்கரை விலை கட்டாது.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியப்பா வெல்லக் கொட்டகை வைத்திருந்தார். சக்கையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒரு துரும்பு விடாமல் அடுப்பில் தள்ளினாலும் அங்கே எரிபொருள் இழுபறிதான். மழை பிடித்துக்கொண்டால் வேலிக்கருவை வெட்டிவர ஆள் அனுப்புவார். பிற்பாடு நான் ஷிப்ட் கெமிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தது பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அங்கே சக்கை காயக்கூடவில்லை; பாதிக்குப் பாதி ஈரத்தோடு அப்படியே பாய்லருக்குள் போனது. அப்படியும் சீசன் முடியும்போது யார்டில் சக்கை மிஞ்சிக் கிடந்தது. இன்றைய ஆலைகள் அந்த மிச்சத்தை மின்சாரமாக்கி விற்கின்றன. அதே கரும்புதான், அதே தண்ணீர்தான், அதே சக்கைதான்.

இந்த வித்தியாசத்தை விளக்குவது வெப்ப இயக்கவியல். கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்கள் அதிகம் பயப்படும் தாள்களில் ஒன்று. பாடப்புத்தகம் எடுத்த எடுப்பிலேயே ஓர் உருளையும் பிஸ்டனும் வரைந்து, உள்ளே யாரும் கண்ணால் பார்த்திராத ஓர் இலட்சிய வாயுவை அடைத்துவிடும். கொதிக்கும் கொப்பரையில் பாடத்தைத் தொடங்கினால் பாதிப் பேருக்குப் பயம் போய்விடும் என்பது என் கட்சி. அதனால் கொப்பரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கரும்புச் சாறு 100 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கரைந்திருப்பது 15 கிலோ, மீதி தண்ணீர். ஆலைக்காரர்கள் இதை 15 பிரிக்ஸ் என்போம். இது 60 பிரிக்ஸ் பாகாக வேண்டுமானால் 75 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்கு ஏற்ற 293 கிலோஜூல் வெப்பம் போதும். அதற்கப்புறம் வெப்பமானியில் முள் நகராமல், அதே 100 டிகிரியில் அதை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிடியை விடுவிக்கவே அதில் பெரும்பகுதி போகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். சர்க்கரை ஆலையின் செலவுக் கணக்கில் பெரிய தலைப்பு இதுதான்.

கொட்டகையில் அந்த 2,257 கிலோஜூலும் ஆவியோடு கூரை இடுக்கு வழியாக வானத்துக்குப் போகிறது. அழிந்துவிடவில்லை, ஊர்க் காற்றைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு எங்கேயோ இருக்கிறது. ஆற்றல் உருமாறும், தொலையாது என்று சொல்லும் முதல் விதி இவ்வளவுதான். வரவும் செலவும் ஒரு ஜூல்கூடப் பிசகாமல் டாலியாக வேண்டும். இதை அளந்து நிறுவியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. 1840-களில் கயிற்றில் கட்டிய எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவை சுழற்றிய துடுப்புகளால் தண்ணீரைக் கடைந்து, ஒரு டிகிரியின் சிறு பின்ன அளவில் ஏறிய சூட்டை அளந்தார். வெப்பநிலையைப் பார்த்துப் பார்த்து வேலை நடக்கும் பீர் ஆலையில் வளர்ந்தவருக்கு அந்தக் கை வந்ததில் ஆச்சரியமில்லை.

முதல் விதி மட்டும் தெரிந்தாலே ஆலையில் நிறையப் பணம் மிச்சம் பிடிக்கலாம். ஒரு கிலோ உலர்ந்த சக்கையை எரித்தால் ஏறத்தாழ 19,000 கிலோஜூல் வரும். பாதி ஈரமாக இருக்கும் சக்கையில் எரியும் பொருளே அரைக் கிலோதான், அதனால் 9,500. அந்த அரைக் கிலோ தண்ணீரும், எரியும்போது புதிதாக உண்டாகும் தண்ணீரும் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகத் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் பாய்லர் கைக்கு வருவது 7,500 சொச்சம். கடைசி மில்லில் உருளைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கி, சக்கையின் ஈரத்தை இரண்டு சதவீதம் குறைத்தால் பாய்லர் ஆளின் முகம் மலர்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் கொட்டகைக்கும் ஆலைக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை இந்தக் கணக்கு விளக்காது. ஏனென்றால் கொட்டகையிலும் முதல் விதி டாலியாகிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த சாவி அழுத்தத்தில் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக் கதை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். குக்கருக்குள் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே 120 டிகிரி வரை போகும். மேலே அழுத்துவது குறைந்தால் மூலக்கூறுகள் சீக்கிரம் தப்பிவிடும், அவ்வளவுதான். எட்வர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் 1813 வாக்கில் இதைச் சர்க்கரைக்குப் பயன்படுத்தினார். மூடிய பாத்திரத்திலிருந்து காற்றை இழுத்துவிட்டால் பாகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், கருகாது, நிறம் கெடாது. அவருடைய வேக்கம் பேன் இன்றும் எல்லா ஆலைகளிலும் அதே பெயரோடு இருக்கிறது.

ஹோவர்டு சர்க்கரையின் நிறத்தைக் காப்பாற்றினார். எரிபொருளைக் காப்பாற்றியவர் நார்பர்ட் ரில்லியூ. இவரைப் பற்றிக் கெமிக்கல் இன்ஜினியரிங் புத்தகங்கள் ஒரு வரிக்கு மேல் சொல்லாதது எனக்கு எப்போதும் குறைதான். 1806-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தந்தை வெள்ளையர், தாய் அடிமைத்தளையில் இல்லாத கலப்பினப் பெண். அந்த ஊரில் அப்படிப் பிறந்தவருக்கு மேல்படிப்புக்கு வழியில்லை. தந்தை பாரிசுக்கு அனுப்பிவைத்தார். இருபத்து நாலு வயதில் அங்குள்ள எக்கோல் சென்ட்ராலில் நீராவி எந்திரங்களையும் பயன்முறை இயக்கவியலையும் கற்பிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

ரில்லியூவின் சொந்த ஊர்ப் பக்கம் அப்போது சர்க்கரை காய்ச்சிய முறைக்கு ஜமைக்கா டிரெயின் என்று பெயர். பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் திறந்த கொப்பரைகள், அடியில் நீளமான அடுப்பு. அடிமைகள் நீண்ட கரண்டிகளால் கொதிக்கும் பாகை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விறகு எக்கச்சக்கம், தீக்காயம் தினசரி. ரில்லியூ 1830-களில் ஊர் திரும்பினார். அவருடைய யோசனை, கேட்ட பிறகு எளிமையாகத் தெரியும் வகையைச் சேர்ந்தது. முதல் பாத்திரத்தில் சாறு கொதித்துக் கிளம்பும் ஆவியை ஏன் வெளியே விட வேண்டும்? அதில்தான் போட்ட வெப்பம் முழுவதும் இருக்கிறதே. அதையே இரண்டாவது பாத்திரத்துக்கு அடுப்பாக வைத்தால் என்ன?

ஒரு சிக்கல் உண்டு. 100 டிகிரி ஆவியால், 100 டிகிரியில் கொதிக்கும் சாற்றைக் கொதிக்கவைக்க முடியாது. சூடு நகரப் பள்ளம் வேண்டும். ஹோவர்டின் வேக்கம் இங்கேதான் கைகொடுத்தது. இரண்டாவது பாத்திரத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் அங்கே சாறு குறைந்த சூட்டில் கொதிக்கும். முதல் பாத்திரத்தின் ஆவி அதற்குப் போதுமான சூடு. மூன்றாவதில் இன்னும் குறைத்தால் இரண்டாவதன் ஆவி போதும். 1843-லும் 1846-லும் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1845-ல் லூசியானாவின் மிர்ட்டில் குரோவ் பண்ணையில் கருவி ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் பாரிசுக்கே திரும்பி, எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிப்பதில் சில காலம் மூழ்கியிருந்து, 1894-ல் அங்கேயே இறந்தார். பால் பவுடர், காகிதக் கூழ், கடல்நீரைக் குடிநீராக்குவது என்று ரில்லியூவின் யோசனை போகாத தொழில் குறைவு.

எங்கள் ஆலையில் நான்கு பாடிகள். எவாப்பரேட்டர் பாத்திரத்தை நாங்கள் பாடி என்றுதான் சொல்வோம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகும் இரும்பு உருளை, உள்ளே ஆயிரக்கணக்கில் பித்தளைக் குழாய்கள். டர்பைனிலிருந்து வெளிவரும் ஆவி 120 டிகிரியில் முதல் பாடிக்கு வரும். அங்கே சாறு 110-ஐ ஒட்டிக் கொதிக்கும். இரண்டாவதில் 100 பக்கம், மூன்றாவதில் 80-க்குக் கொஞ்சம் மேல், நாலாவதில் 55. கடைசிப் பாடியின் மேல் இருக்கும் வேக்கம் கேஜ் 650 மில்லிமீட்டர் காட்டும். பாய்லர் ஆவி ஒரு கிலோ உள்ளே போனால், வழிச்செலவு போக, நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் சாற்றை விட்டுக் கிளம்பும். 75 கிலோ தண்ணீரை விரட்டக் கொட்டகையில் 75 கிலோவுக்குமான வெப்பம் தேவைப்பட்டது. இங்கே இருபது கிலோ ஆவியில் வேலை முடிந்தது.

எவாப்பரேட்டர் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் ஒருவர் ராத்திரி ஷிப்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஐ.டி.ஐ. படித்தவர், கேள்வியோ பல்கலைக்கழகத் தேர்வில் கேட்க வேண்டியது.

“சார், நாலாவது பாடி ஆவியத் தண்ணி அடிச்சுக் குளிர வச்சு வாய்க்கால்ல விடறோம். அதுலயும் சூடு இருக்குல்ல? அதத் திருப்பி மொத பாடிக்கே உட்டா, பாய்லரே வேணாமே?”

நான் ஸ்டீம் டேபிளை எடுத்து அவரிடம் காட்டினேன். 120 டிகிரியில் ஒரு கிலோ ஆவி தண்ணீராகும்போது கொடுப்பது 2,202 கிலோஜூல். 55 டிகிரியில் ஒரு கிலோ ஆவி கொடுப்பது 2,370. நாம் வாய்க்காலில் விடும் ஆவி, பாய்லரிலிருந்து வரும் ஆவியைவிட அதிகமாகவே உள்ளுறை வெப்பத்தை வைத்திருக்கிறது. “அப்ப நான் சொன்னது சரிதானே சார்!” என்றார். முதல் விதிப்படி முழுக்க முழுக்கச் சரி. வெப்பம் குறையவே இல்லை. குறைந்தது அதன் உயரம். 55 டிகிரியில் இருக்கும் வெப்பத்துக்கு 110 டிகிரிச் சாற்றுக்குள் நுழையத் தெம்பு கிடையாது. தானாக, வேறு எந்த உதவியும் இல்லாமல், வெப்பம் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் போகாது. இரண்டாம் விதி இதுதான். இதைப் பத்துவிதமாக எழுதலாம்; இதைவிட நேராக எழுத முடியாது.

அந்த உயரக் குறைவை எண்ணாக்க முடியுமா? ருடால்ஃப் கிளாசியஸ் வழி சொன்னார். நகரும் வெப்பத்தை அதன் வெப்பநிலையால், கெல்வினில், வகுத்துப் பாருங்கள். 1,000 கிலோஜூல் 120 டிகிரியில், அதாவது 393 கெல்வினில் இருந்தால் ஈவு 2.54. அதே 1,000 கிலோஜூல் 55 டிகிரியில், 328 கெல்வினில் இருந்தால் 3.05. வெப்பம் கீழே இறங்க இறங்க இந்த எண் ஏறுகிறது. 1865-ல் இதற்கு அவர் என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் அது ஏறலாம், சும்மா இருக்கலாம், ஒருபோதும் இறங்காது. என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, கலைந்து கிடக்கும் அறை என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஆலையில் அதை வெப்பமானியும் வகுத்தலும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆபரேட்டரின் கேள்விக்கு இன்னொரு பாதிப் பதிலும் உண்டு. தானாகப் போகாது என்றுதானே விதி, தூக்கிவிட்டால்? ஆவியை ஒரு கம்ப்ரஸரால் அழுத்தினால் அதன் வெப்பநிலை ஏறும், பிறகு அதையே அடுப்பாக்கலாம். பால் பவுடர்த் தொழிற்சாலைகளில் இப்படிச் செய்கிறார்கள். கம்ப்ரஸருக்கு மின்சாரம் வேண்டும், அதுதான் தூக்குகூலி. சக்கை மலிவாகக் கிடக்கும் கரும்பாலைக்கு அந்தக் கூலி பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை.

நாலு பாடிக்குப் பதில் நாற்பது வைத்தால் ஒரு கிலோவுக்கு நாற்பது கிலோ வருமே என்ற கேள்வியும் வரும். மேலே 120, கீழே 55. இடையில் இருப்பது 65 டிகிரிப் பள்ளம். அதைத்தான் எத்தனை பாடி வைத்தாலும் பங்குபோட வேண்டும். படி சின்னதாக ஆக ஆக, வெப்பம் குழாய்ச் சுவரைத் தாண்டும் வேகம் குறையும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு பாடியிலும் குழாய்ப் பரப்பைக் கூட்ட வேண்டும். போதாததற்குச் சர்க்கரையும் ஒரு பங்கு கேட்கிறது. கரைந்த பொருள் உள்ள தண்ணீர், வெறும் தண்ணீரைவிடக் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும். 60 பிரிக்ஸ் பாகில் இது சுமார் 3 டிகிரி. ஆவியோ, தண்ணீருக்கு உரிய குறைந்த வெப்பநிலையில்தான் அடுத்த பாடியில் போய்த் தண்ணீராகும். ஒவ்வொரு பாடியிலும் இப்படிக் கொஞ்சம் பள்ளம் காணாமல் போகிறது. கொட்டகையில் பெரியப்பா கொப்பரையை இறக்கும்போது வெல்லப் பாகு 118 டிகிரியில் கொதித்ததும் இதே காரணத்தால்தான். அவர் வெப்பமானி பார்த்ததில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார். பெரும்பாலான ஆலைகள் நாலு அல்லது ஐந்து பாடியோடு நிறுத்திக்கொள்வது இரும்பு விலைக்கும் சக்கை விலைக்கும் நடுவே போட்ட ஒப்பந்தம்.

மேலே 120 டிகிரி என்று சொன்னேன். பாய்லரில் ஆவி பிறப்பது அதைவிட வெகு உயரத்தில். அங்கிருந்து நேராக 120-க்குத் தள்ளிவிடுவது பெரிய அநியாயம் என்று சொன்னவர் சாடி கார்னோ, பிரெஞ்சுப் பொறியாளர். 1824-ல், இருபத்தெட்டு வயதில், நெருப்பின் இயக்க ஆற்றலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும் வெப்பம் எந்திரத்தைச் சுற்றுகிறது என்றார். எவ்வளவு வேலை கிடைக்கும் என்பதை இரண்டு வெப்பநிலைகளே தீர்மானிக்கும். எந்திரத்தில் ஓடுவது நீராவியா காற்றா என்பது பொருட்டே இல்லை. வெப்பம் அழியாத ஒரு திரவம் என்று அவர் அப்போது நம்பியது பிழை. அதையும் மீறி முடிவு சரியாக வந்தது. எட்டே ஆண்டுகளில், 1832-ல், காலராவில் போய்ச் சேர்ந்தார். அந்த நூலை அவர் உயிரோடிருந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பழைய ஆலைப் பாய்லர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தத்தில் 340 டிகிரி ஆவி கொடுத்தன. கார்னோ கணக்குப்படி 340-லிருந்து 120-க்கு இறங்கும்போது கிடைக்கக்கூடிய அதிகபட்ச வேலை 36 சதவீதம். புதிய பாய்லர்கள் 87 கிலோ, 515 டிகிரி. உச்சவரம்பு 50 சதவீதம். நிஜத்தில் இரண்டுமே வரம்புக்கு வெகுகீழேதான் நிற்கும், ஆனால் ஒப்பிடும்போது கதை புரியும். பழைய டர்பைனில் ஒரு கிலோ ஆவி 300-லிருந்து 350 கிலோஜூல் வரை வேலை தந்தது. புதியதில் 700 பக்கம். அந்தக் கூடுதல் உயரத்துக்கு ஆவியை ஏற்ற பாய்லர் கூடுதலாகக் கொடுக்கும் வெப்பமோ பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். கொஞ்சம் கூடுதல் சக்கைக்கு இரண்டு மடங்கு மின்சாரம். அப்படி வேலை செய்துவிட்டு வெளியே வரும் ஆவிக்குள் உள்ளுறை வெப்பம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துத்தான் நாலு பாடியும் கொதிக்கிறது. மின்சாரம் மட்டுமே தயாரிக்கும் அனல் மின்நிலையம் தன் வெப்பத்தில் பாதிக்கு மேல் குளிர்நீருக்குத் தாரை வார்க்கிறது. கரும்பாலை அதையே சமையலுக்கு வைத்துக்கொள்கிறது.

பாகு 60 பிரிக்ஸ் ஆனதும் வேக்கம் பேன்கள் இருக்கும் பேன் ஹவுசுக்குப் போகும். அங்கே விஷயம் கொஞ்சம் நுட்பமாகிறது. இதுவரை தண்ணீரும் ஆவியும் மட்டுமே பேசின, இனி கலவைகள். வெப்ப இயக்கவியலில் கெமிக்கல் இன்ஜினியருக்கென்று ஒதுக்கிவைத்த பகுதி இது, இதற்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து வில்லார்டு கிப்ஸ். கனெக்டிகட் மாநிலத்துக் கழகம் ஒன்றின் இதழில் 1876 முதல் 1878 வரை வெளிவந்த நீண்ட கட்டுரை. ஒவ்வொரு பொருளுக்கும் அது இருக்கும் இடத்தில் ஒரு வேதியாற்றல் மட்டம் உண்டு. மட்டம் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது நகரும். இரண்டு பக்கமும் சமமானால் நின்றுவிடும். வெப்பத்துக்கு வெப்பநிலை எப்படியோ, பொருளுக்கு இது அப்படி.

20 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீர் 2 கிலோ சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 100 டிகிரியில் கிட்டத்தட்ட 5 கிலோ. பேனில் தண்ணீர் போகப் போகப் பாகு அந்த வரம்பைத் தாண்டும். பாகுக்குள் சர்க்கரையின் மட்டம் படிகத்துக்குள் இருப்பதைவிட உயர்ந்துவிட்டது. இனி படிகமாவதுதான் இறக்கம். ஆனாலும் உடனே ஆகாது. வரம்பைத் தாண்டியும் பாகு தெளிவாகவே கொதித்துக்கொண்டிருக்கும்; பேன்மேன் கொஞ்சம் பொடித்த சர்க்கரையை விதையாக விட்டால்தான் அதன்மேல் ஒட்டி வளரும். அளவுக்கு மீறிச் செறியவிட்டால் எல்லா இடத்திலும் பொடிப்பொடியாகப் பூத்து, சல்லடையில் நிற்காத மாவாகிவிடும். எங்கள் மூத்த பேன்மேன் முதல் வருஷம் என்னைத் “தம்பி” என்பார். அடுத்த வருஷம் யாரும் சொல்லாமலே “சார்” ஆக்கிவிட்டார். நான் மட்டும் கடைசிவரை “அண்ணே”தான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை எடுத்து விளக்குக்கு எதிரே பிடிப்பார், இரண்டு விரலுக்கு நடுவே நூல் இழுப்பார், பிறகு வேக்கம் கேஜையும் வெப்பமானியையும் சேர்த்துப் பார்ப்பார். அந்தக் கடைசிக் காரியம் கிப்ஸ் விதியேதான். வெறும் தண்ணீர் கொதிக்கும்போது அழுத்தம் தெரிந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். சர்க்கரை சேர்ந்தால் ஒரு சுதந்திரம் கூடுகிறது. அழுத்தம், வெப்பநிலை இரண்டும் தெரிந்தால்தான் செறிவு பிடிபடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எது எந்தத் திசையில் நகரும் என்று வெப்ப இயக்கவியல் சொல்லும்; எப்போது என்று சொல்லாது. உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கும் சர்க்கரையும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆவதுதான் இறக்கம், அதுவும் செங்குத்தான இறக்கம். கிப்ஸ் கணக்கை மட்டும் பார்த்தால் டப்பா இப்போதே எரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். அறை வெப்பநிலையில் அந்த வினைக்குத் தொடங்கவே வழியில்லாததால் வருஷக்கணக்கில் சும்மா இருக்கிறது. தொடங்கிவைக்கும் வேலையைப் பாய்லரில் நெருப்பும், நம் உடம்பில் நொதிகளும் செய்கின்றன.

படிகமாகாமல் தங்கிவிடும் கரும்பழுப்புக் குழம்பு மொலாசஸ். அதில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை இருக்கும். கூட இருக்கும் உப்புகளும் பிசுபிசுப்பும் அதை விடாது. அதை ஈஸ்ட் வைத்து நொதிக்கவிட்டால் பத்துச் சதவீதத்தை ஒட்டிச் சாராயம் கிடைக்கும். காய்ச்சினால் அதன் ஆவியில் எடைக்குப் பாதி சாராயம். அந்த ஆவியைக் குளிரவைத்து மறுபடி காய்ச்சினால் இன்னும் கூடும். வடிசாலைக் கோபுரத்தில் அடுக்கியிருக்கும் தட்டுகள் இதைத் தட்டுக்குத் தட்டு செய்கின்றன. இப்படியே மேலே போனால் நூறு சதவீதம் வந்துவிடும் என்று தோன்றும். 95.6-ல் சுவர். அந்தக் கலவையில் கொதிக்கும் திரவத்திலும் எழும் ஆவியிலும் சாராய விகிதம் ஒன்றே. எத்தனை தட்டு வைத்தாலும் வித்தியாசம் பிறக்காது. தண்ணீரும் சாராயமும் ஒன்றோடொன்று பழகும் விதம் தனி என்பதற்கு எளிய சாட்சி உண்டு: 50 மில்லி தண்ணீரோடு 50 மில்லி சுத்தச் சாராயம் கலந்தால் 100 வராது, 96, 97-தான் வரும். பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனாலில் தண்ணீர் இருக்கக் கூடாது. அதனால் கடைசித் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, நுண்துளைகள் கொண்ட சியோலைட் உருண்டைகளின் வழியே ஆவியைச் செலுத்துகிறார்கள். 3 ஆங்ஸ்ட்ராம் துளைக்குள் தண்ணீர் மூலக்கூறு நுழையும், சாராயம் நுழையாது. ஆவித் திரவச் சமநிலை மூடிய கதவைச் சுற்றிக்கொண்டு போகும் வழி.

சாராயம் எடுத்த பிறகு நிற்கும் கழிவுநீர்தான் வடிசாலைகளின் நெடுநாள் தலைவலி. ஒரு லிட்டர் சாராயத்துக்கு 8-லிருந்து 15 லிட்டர் வரை கருப்பாக, நாற்றத்தோடு வரும். ஆற்றிலும் ஏரியிலும் விட்டால் மீன் மிதக்கும். இப்போது பல வடிசாலைகளில் அதற்கும் வரிசையாகப் பாடிகள் நிறுத்தியிருக்கிறார்கள். கழிவில் 60 சதவீதம் திடப்பொருள் வரும்வரை தண்ணீரை இழுத்துவிட்டு, மிஞ்சும் குழம்பைத் தனிப் பாய்லரில் எரிக்கிறார்கள். அந்தப் பாடிகளைக் கொதிக்கவைக்கும் ஆவியும் அதே பாய்லரிலிருந்துதான். அடியில் விழும் சாம்பலில் பொட்டாஷ் அதிகம். உரத்துக்கு வாங்கிப் போகிறார்கள்.